ஊர் ஊராய்ப் போன ஆட்டக்காரரைத் தேட எந்தத் தளம்? ஐஸ் ஹொக்கிப் புள்ளிவிவரச் சேவைகள் மூன்று

ஒரு விளையாட்டுப் புள்ளிவிவரத் தளம் நல்லதா கெட்டதா என்று பார்க்க, பெரிய நட்சத்திரத்தின் பெயரைத் தட்டிப் பயனில்லை. ஒரே அணியில் பதினைந்து வருடம் ஆடியவருக்கு எந்தத் தளமும் வடிவாக ஒரு பக்கம் போட்டுவிடும். வருடத்துக்கு ஒரு வரி, அலுவல் முடிந்தது. வருடத்துக்கு இரண்டு அணி, நடுவில் ஒரு கீழ் லீக், ஒரு குளிர்காலம் ஐரோப்பா, பிறகு திரும்பவும் அமெரிக்கா என்று அலைந்த ஆளின் பெயரைப் போட்டுப் பாருங்கள். தளத்தின் உண்மையான தரம் அங்கேதான் தெரியும்.

வன்னியில் ஐஸ் தளம் கிடையாது. ஆனால் ஸ்கார்பரோவிலும் பிரம்டனிலும் பிறந்த பிள்ளைகளின் மாமன், சித்தி, அம்மம்மா எல்லாரும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தொலைபேசியில் ஐஸ் ஹொக்கி கதைக்கிறார்கள். "அவனை இறக்கிப்போட்டாங்கள், மாமா" என்றால் எங்கிருந்து எங்கே இறக்கினார்கள் என்று இங்கே தேடிப் பார்க்க மூன்று சேவைகள் உண்டு: ஹொக்கிடிபி, எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ், மூன்றாவதாக, வட அமெரிக்காவின் மேல் லீக்கான என்எச்எல்லுக்கு அடுத்த இரண்டு படிகளான ஏஎச்எல், ஈசிஎச்எல் லீக்குகளே வெளியிடும் அன்றாட மாற்றப் பட்டியல். சோதனைக்கு எடுத்த பெயர் மைக் சிலிஞ்சர். என்எச்எல் வரலாற்றில் மிக அதிகமாக, 12 அணிகளுக்கு ஆடியவர்.

முதலில் ஹொக்கிடிபி. இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. பக்கத்தில் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும்தான் என்பதால் சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் இடத்திலும் அட்டவணை வந்து சேர்ந்துவிடும். அட்டவணை அகலமானது. கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் வலப்பக்கம் வெட்டுப்படும், அந்த வலப்பக்கத்தில்தான் பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் சுற்று) கணக்கு இருக்கிறது. படுக்கையாகப் பிடிக்க வேண்டும். வரியின் ஒழுங்கு இதுதான்: பருவம், அணி, லீக், ஆடிய ஆட்டம், கோல், உதவி (கோலுக்கு வழி செய்த பாஸ்), மொத்தப் புள்ளி, தண்டனை நிமிடம். கோலும் உதவியும் சேர்ந்ததுதான் புள்ளி என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உதைபந்தாட்டப் பழக்கத்தில் புள்ளி என்றால் அணிக்குக் கிடைப்பது என்று நினைத்துக் குழம்புவார்கள்.

சிலிஞ்சரின் பக்கத்தில் மேலேயே பிறந்த ஊர் ரெஜைனா, 1989 தெரிவில் (அணிகள் இளம் ஆட்டக்காரரை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) டெட்ரோயிட் அணி 11ஆவதாக எடுத்தது என்று இருக்கும். கீழே கூட்டுத்தொகை: 1,049 ஆட்டம், 240 கோல், 308 உதவி, 548 புள்ளி. இவ்வளவையும் எந்தத் தளமும் தரும். சுவை நடுவில் இருக்கிறது. எட்டுப் பருவங்களில் இவருக்கு என்எச்எல்லில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளின் ஆட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மாதத்தில் ஆளை மாற்றினார்கள் என்று கணிக்கலாம்.

பாருங்கள். 1995-96: அனஹைம் 62, வன்கூவர் 12. 1999-2000: தம்பா 67, புளோரிடா 13. 2000-01: புளோரிடா 55, ஒட்டாவா 13. 2003-04: பீனிக்ஸ் 60, செயின்ட் லூயிஸ் 16. அந்த வருடங்களில் பருவத்துக்கு 82 ஆட்டம். ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இரண்டாவது எண் 12 முதல் 16 வரை நின்றால் மாற்றம் மார்ச்சில் நடந்திருக்கிறது, அதாவது ஆள் மாற்றும் கடைசித் தேதியை ஒட்டி. இந்த நான்கும் மார்ச் மாற்றங்கள்தான். 1998-99 வரி வேறு மாதிரி: பிலடெல்பியா 25, தம்பா 54. அது டிசம்பர். 2005-06 இல் செயின்ட் லூயிஸ் 48, நாஷ்வில் 31 என்றால் ஜனவரி. எண்களைக் கூட்டிப் பார்க்கவும் மறக்கக்கூடாது. 25உம் 54உம் 79, ஆக ஆள் அந்த வருடம் ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடியிருக்கிறார். புளோரிடா, ஒட்டாவா வருடத்தில் கூட்டினால் 68தான், 14 ஆட்டம் குறைகிறது. காயமா, வெளியே உட்கார வைத்தார்களா என்பதை அட்டவணை சொல்லாது.

மார்ச்சில் ஏன் இவ்வளவு கேள்வி? பிளேஓஃப் போகும் அணிக்கு நாலாவது வரிசையில் ஒரு நடு ஆட்டக்காரர் குறைந்தால், இளம் பொடியனை நம்புவதைவிட, ஃபேஸ்ஓஃப் (நடுவர் இரண்டு பேருக்கு நடுவே வட்டைப் போட்டு ஆட்டம் தொடங்குவது) வெல்லத் தெரிந்த, ஆள் குறைந்து நிற்கும் தண்டனை நேரத்தில் தடுத்து ஆடத் தெரிந்த ஒருவரை வாங்குவார்கள். சிலிஞ்சர் ஃபேஸ்ஓஃபில் கெட்டிக்காரர். நம்முடைய காலபோகமும் ஒக்டோபரில் விதைத்து மார்ச்சோடு அறுவடை முடிகிற கணக்குத்தானே. அறுவடை இயந்திரம் வெளியூரிலிருந்து வருகிற அதே நாட்களில் அங்கே இவரும் ஊர் மாறியிருப்பார். விற்கும் அணிக்கு அந்த வருடம் எப்படியும் கைவிட்டுப் போய்விட்டது. அதனால் ஆளைக் கொடுத்து, அடுத்த தெரிவில் ஓர் இடத்தையோ ஓர் இளம் ஆளையோ வாங்கிவிடும்.

இனி ஹொக்கிடிபியின் பெரிய ஓட்டை. 2003 ஜூலையில் கொலம்பஸ் அணி சிலிஞ்சரை டலஸுக்குக் கொடுத்தது. டலஸ் அதே நாளில் அவரை பீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டது. புள்ளிவிவர அட்டவணையில் டலஸ் என்ற ஊரே இல்லை. ஆட்டம் ஆடாத இடத்துக்கு வரி கிடையாது. இது பிழை அல்ல, அட்டவணையின் இயல்பு. ஆனால் ஊர்சுற்றிகளின் விஷயத்தில் இந்த இயல்பு நிறைய மறைக்கும்.

முக்கியமாகச் சம்பளத்தை. இரண்டு வழி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு: என்எச்எல்லில் நின்றால் ஒரு சம்பளம், ஏஎச்எல்லுக்கு இறக்கினால் அதைவிட மிகக் குறைந்த இன்னொரு சம்பளம். இரண்டும் நாள் கணக்கில் ஓடும். 2025-26 பருவத்தில் என்எச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். பருவம் ஏறத்தாழ 190 நாள். ஒரு நாளைக்கு 4,000 டொலருக்குச் சற்று மேல். கீழ் லீக்கில் ஒருவருக்கு 100,000 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 530 அளவில் வரும். மேலே அழைக்கப்பட்டுப் பத்து நாள் பெஞ்சுக்கும் போகாமல் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு இறங்கியவர் 40,000 டொலர் உழைத்திருப்பார். அட்டவணையில் அந்தப் பத்து நாளுக்கு ஒரு தடயமும் இருக்காது. இரண்டாவது கோல்காப்பாளருக்கும் அப்படித்தான். உடுப்புப் போட்டு இருபது இரவு பெஞ்சில் இருந்தாலும், இறங்கி ஆடாவிட்டால் ஆட்டம் பூச்சியம். ஆகவே ஆட்ட எண்ணிக்கையை வைத்து "பாவம், இந்த வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஹொக்கிடிபியில் இன்னொரு நல்ல வசதி, அணிப் பெயரைத் தட்டினால் அந்தப் பருவத்தின் முழு ஆட்டக்காரர் பட்டியலும் வரும். 2005-06 இல் சிலிஞ்சர் 32 கோல் போட்டார், செயின்ட் லூயிஸுக்கு 22, நாஷ்விலுக்கு 10. அது பெரிய தொகையா என்று பார்க்க அந்த அணியில் மற்றவர்கள் போட்டதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் அது முடிகிறது. அடுத்த வருடம் நியூயோர்க் ஐலண்டர்ஸ் வரியில் 82 ஆட்டம், 26 கோல், 59 புள்ளி. முப்பத்தைந்து வயதில், ஒரே அணியில், ஒரே வரியில் எடுத்த புள்ளிகளில் வாழ்நாளின் சிறந்த கணக்கு.

எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ் சுவீடனில் தொடங்கிய தளம். ஐரோப்பிய லீக்குகள் என்று வந்தால் ஹொக்கிடிபியை இது விழுங்கிவிடும். ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு, நோர்வே, டென்மார்க், இளையோர் அணிகள் எல்லாம் ஆழமாக இருக்கும். தலைவராக இருந்த பருவத்தில் அணிப் பெயரை ஒட்டிச் சிறிய எழுத்து ஒன்று நிற்கும். இரவல் போனதையும் குறிப்பார்கள். குறை: விளம்பரம் அதிகம், பக்கம் கனம், சில பகுதிகளைக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாங்குளத்துக்கு உள்ளே, சிக்னல் வந்து வந்து போகிற இடங்களில், படம் ஏற்றுவதைப் பிரவுசரில் நிறுத்திவிட்டுத் திறப்பது நல்லது. வெறும் அணி, ஆட்டம், கோல் பார்க்கக் கட்டணம் தேவையில்லை.

ஊர்சுற்றி ஆட்டக்காரரின் பக்கத்தை இங்கே கீழே கீழே இறக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சூரிச், பேர்ண், ஒஸ்லோ, கோல்ன், கிறேஃபெல்ட், கடைசியில் இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கலியாண வீடியோவுக்கு இணைப்பு அனுப்ப வேண்டிய முகவரிப் பட்டியலும் இதேதான்.

ஏன் சரியாக 27, 28 வயதில் பக்கத்தில் ஐரோப்பா முளைக்கிறது என்பதற்குக் காரணம் திறமை குறைந்தது மட்டுமல்ல. ஏஎச்எல்லில் ஒரு விதி இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இறக்கும் 18 ஆட்டக்காரர்களில் குறைந்தது 13 பேர் 'வளரும்' வகையில் இருக்க வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, மற்ற ஒருவர் 320க்கு மேல் போகக் கூடாது. என்எச்எல், ஏஎச்எல், ஐரோப்பிய மேல்நிலை லீக்குகள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மிஞ்சுவது ஐந்து இடம். ஏஎச்எல் பருவம் 72 ஆட்டம். நாலு வருடம் ஒழுங்காக ஆடினால் 260ஐத் தாண்டிவிடும். தாண்டிய நாளிலிருந்து ஒருவர் போட்டியிடுவது முழு அணிக்குள் அல்ல, ஐந்து கதிரைகளுக்கு. கதிரை கிடைக்காவிட்டால் விமானச்சீட்டு. எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ் பக்கத்தில் ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் 260 எந்த வரியில் உடைகிறது என்று தெரியும். ஐரோப்பா அநேகமாக அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வரிகளுக்குள் நிற்கும்.

கோல்காப்பாளர்களுக்கு இந்த விதி இல்லை. 18 பேர் என்பதில் அவர்கள் சேர்த்தி இல்லை. அதனால்தான் ஊர்சுற்றிக் கோல்காப்பாளர்களின் பக்கம் நீளும். மைக்கேல் லெய்ட்டனைத் தேடிப் பாருங்கள். 2009 டிசம்பரில் பிலடெல்பியா அவரை வேவர் பட்டியலில் (ஆளைக் கீழே இறக்குமுன் மற்ற அணிகளுக்குக் காட்டும் பெயர்ப் பட்டியல்) இருந்து எடுத்தது, 2010 இல் என்எச்எல்லின் ஸ்டான்லி கிண்ண இறுதியில் ஆடினார். 2013-14 இல் உக்ரைனின் டொன்பாஸ் அணி. திரும்பி வந்து ஏஎச்எல்லில் கோல் விடாமல் முடித்த ஆட்டங்களில், ஜொனி பவர் வைத்திருந்த 45 என்ற பழைய சாதனையைத் தாண்டி 50 வரை போனார். என்எச்எல் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

பெயர்க் குழப்பம் இரண்டு தளத்திலும் உண்டு. செபாஸ்டியன் ஆஹோ இரண்டு பேர்: கரோலைனாவில் ஆடும் பின்லாந்துக்காரர் 1997 இல் பிறந்தவர், ஐலண்டர்ஸுக்கு ஆடிய சுவீடன்காரர் 1996. எலியாஸ் பெட்டர்சன் இரண்டு பேர், இருவருமே வன்கூவர். வகுப்பு இடாப்பில் இரண்டு கஜன் இருந்தால் முதலெழுத்தைப் பார்ப்பது போல, இங்கே பிறந்த வருடத்தையும் ஆடும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

அணிப் பெயரிலும் அதே கவனம். சிலிஞ்சர் 1991-92 இல் ஆடி ஏஎச்எல்லின் கோல்டர் கிண்ணம் வென்ற அடிரொண்டாக் ரெட் விங்ஸ் இன்று இல்லை. அதே ஊரில் பின்னர் ஃபான்டம்ஸ், ஃபிளேம்ஸ், தண்டர் என்று வந்தவை வேறு வேறு அணிகள். 'அடிரொண்டாக்' என்று கண்டவுடன் ஒரே கழகம் என்று எழுதிவிடக் கூடாது.

வரியே இல்லாத வருடங்களையும் காயம் என்று எடுக்க வேண்டாம். 2004-05 என்எச்எல் பருவம் தொழில் தகராற்றில் முழுதாக நின்றது. 1994-95 பாதியாகி 48 ஆட்டத்தோடு முடிந்தது. சிலிஞ்சரின் அந்த வருட வரியில் டெட்ரோயிட் 13, அனஹைம் 15 என்று இருப்பதோடு வியன்னா அணியும் தலைகாட்டுவது அதனால்தான். 2020-21 இல் ஏஎச்எல்லில் மூன்று அணிகள் ஆடவே இல்லை.

மூன்றாவது சேவைதான் அன்றாடம் தொடர்பவர்களுக்கு உதவும். ஏஎச்எல்லும் ஈசிஎச்எல்லும் தங்கள் தளங்களில் நாளாந்த மாற்றப் பட்டியல் போடுகின்றன. இலவசம். ஒரு நாளுக்கு ஒரு பட்டியல், ஓர் ஆளுக்கு ஒரு வரி, படம் எதுவும் இல்லை. சொற்கள் மட்டும் விளங்க வேண்டும். 'றீகோல்ட்' என்றால் மேல் அணி திரும்ப அழைத்துவிட்டது. 'றீஅசைன்ட்' என்றால் மேல் அணி அவரைக் கீழே அனுப்பியிருக்கிறது, ஒப்பந்தம் மேல் அணியிடமே இருக்கிறது. 'லோன்ட்' என்றால் இரவல். 'பிடிஓ' என்பது பரீட்சார்த்த ஒப்பந்தம், ஏஎச்எல்லில் 25 ஆட்டம் வரை. 'றிலீஸ்ட் ஃப்ரம் பிடிஓ' என்று வந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று உடனே நினைக்காதீர்கள். பல நேரம் அவர் நாளைக்குத் தன் ஈசிஎச்எல் அணியில் ஆடுவார், அடுத்த கிழமை வேறு ஏஎச்எல் அணியோடு புதிய பிடிஓ எழுதுவார். ஈசிஎச்எல் 48, ஏஎச்எல் 6, இன்னோர் ஏஎச்எல் அணி 4 என்று ஒரே பருவத்தில் மூன்று வரி நிற்பது இப்படித்தான்.

ஈசிஎச்எல்லிலும் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்கள் நாலு பேருக்குத்தான் இடம். சம்பளம் கிழமைக் கணக்கு. இருக்க வீடு அணி கொடுக்கும்.

என்எச்எல் வேவர் மட்டும் இந்தப் பட்டியல்களில் நேரடியாக வராது. அனுபவம் கூடிய ஒருவரைக் கீழே இறக்குமுன் மற்ற அணிகளுக்கு 24 மணி நேரம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் இறக்கலாம். பல அணிகள் கேட்டால் புள்ளிப் பட்டியலில் கீழே கிடக்கும் அணிக்கு முன்னுரிமை. ஒருமுறை தப்பியவர் மீண்டும் மேலே வந்து 10 ஆட்டம் ஆடும் வரை, அல்லது 30 நாள் நிற்கும் வரை, வேவர் இல்லாமலே ஏறி இறங்கலாம். மேலே ஒன்பது ஆட்டம் ஆடியதும் கீழே போனவரைக் கண்டால் அது தற்செயல் இல்லை. முடிவு தெரிவது அங்கே கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிக்கு. இங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30, மார்ச்சில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு இரவு 11.30. இரவு 7 மணி ஆட்டம் இங்கே விடிய 5.30, மாற்றிய பிறகு 4.30. விளக்கேற்றும் நேரத்தில் கூட்டுத்தொகை பார்க்கலாம். நேரலையாகப் பார்க்க நினைத்தால் 720 தரத்தில் மணிக்கு ஒரு கிகாபைட்டுக்கு மேல் டேட்டா போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பாவிப்பது? வட அமெரிக்காவில் மட்டும் சுற்றியவர் என்றால் ஹொக்கிடிபி போதும். ஐரோப்பாவில் ஒரு வரியாவது இருந்தால் எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ். இன்றைக்கு ஆள் எங்கே என்றால் லீக்கின் மாற்றப் பட்டியல். ஒன்றையொன்று மறுத்தால் ஆட்டங்களைக் கூட்டிப் பாருங்கள், கூட்டு சரிவரும் தளத்தை நம்புங்கள். சிலிஞ்சருக்கு என்எச்எல்லின் 17 பருவத்தையும் கையால் கூட்டினால் 1,049 வரத்தான் வேண்டும்.

கட்டணம் கட்டுவது? விளையாட்டுச் செய்தி எழுதுபவர் அல்லாதவருக்குத் தேவையில்லை.

சுற்றுப்போட்டிக் காலத்தில் ஒரு கிழமைக்கு ஒரு கழகத்துக்கு ஆடும் கரப்பந்தாட்டக்காரர், மென்பந்துப் பந்துவீச்சாளர் வன்னியில் இருக்கிறார்கள். கழகங்களின் குறிப்புப் புத்தகத்தில் அவர்கள் கழகம் கழகமாகச் சிதறிக் கிடப்பார்கள். ஹொக்கிடிபியின் வரி ஒழுங்கை அப்படியே ஒரு கொப்பியில் கோடு போட்டு எடுக்கலாம்: ஆளுக்கு ஒரு பக்கம், கழகம் மாறினால் புதிய வரி, பழைய வரியை அழிப்பதில்லை. ஹொக்கிடிபியில் இல்லாத ஒரு நிரலை மட்டும் சேர்த்துவிடுங்கள், அணியில் பெயர் இருந்தும் ஆடாத நாட்களுக்கு. மாதிரிக்குப் பக்கத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் கொம்யூனிகேசன் கடையில் ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, அளவை 70 வீதத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். முழு அளவில் எடுத்தால் பிளேஓஃப் நிரல் தனித் தாளில் போய் விழும்.